இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

அரியலூர்
18.4.2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணகி எழுதுவது. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் மனநிலையில் இல்லை. அண்ணிக்கும் சிந்துவுக்கும் மட்டும் என் அன்பைச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் போனில் போட்ட சத்தம் எங்கள் வங்கி மேனேஜர் மேஜை வரைக்கும் கேட்டது. "யாரும்மா, வூட்ல எதுவும் தகராறா?" என்று அவர் எழுந்தே வந்துவிட்டார். அதனால் இனிமேல் எழுதித்தான் பேசுவதாக இருக்கிறேன். தாளில் யாரும் கத்த முடியாது, பாதியில் ரிசீவரை வைக்கவும் முடியாது.

நான் கேட்டது சின்ன விஷயம். என் வண்டிக்கடியில் சிவப்பு ஆயில் சொட்டுகிறது. கியர் பெட்டியில் சூடாகும் ஆயில் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்புவதற்கு இரண்டு ரப்பர் ஹோஸ் இருக்கின்றன. இரண்டும் பழசாகி வெடித்துவிட்டன. கையால் தொட்டால் காய்ந்த வறட்டி மாதிரி உதிர்கிறது. ஆயில் குறைந்தால் வண்டி உறுமுகிறதே தவிர நகர மாட்டேன் என்கிறது. உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட மெக்கானிக் ஆண்டவரிடம்தான் காட்டினேன். "இது வெளிநாட்டு வண்டிக்கா, இந்த ஹோஸ் எங்கயும் கெடைக்காது" என்கிறார். திருச்சியில் இல்லையாம், சென்னையிலும் இல்லையாம். ஆண்டவரே கையை விரித்துவிட்டால் நான் யாரிடம் போவது? பெரம்பலூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன். அதற்கு "வித்துத் தொலை" என்று பதில்.

சிமென்ட் ஆலை எஞ்சினியர் ஊரைவிட்டுப் போகும்போது அவருடைய பழைய ஜப்பான் காரை நான் வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. இடது காலால் மிதிக்கும் கிளட்ச் அதில் கிடையாது. போலியோ வந்த என் இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை. என்னை யாரும் தூக்கி ஏற்ற வேண்டாம், எனக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கடன் கொடுத்த ஊர்களைப் பார்வையிடும் பொறுப்பை ஜூன் வரைக்கும் செய்து பார் என்று எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போக முடியவில்லை என்றால் பழையபடி பெரம்பலூர் கிளையில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். பதினைந்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. எனக்குப் போதும்.

பதில் எழுதுங்கள்.

தங்கை,
கண்ணகி


பெரம்பலூர்
23.4.2003

தங்கை கண்ணகிக்கு அண்ணன் ராசாங்கம் எழுதிக்கொண்டது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணி கொளஞ்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பதில் எழுதாவிட்டால் சோறு இல்லை என்கிறாள். எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது லாரி. கிளட்ச் இல்லாதது உனக்குப் பெருமையாக இருக்கலாம். என்னைக் கேட்டால் அது வண்டியே இல்லை. லாரி நின்றுபோனால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். உன் வண்டியை ஊரே திரண்டு தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆண்டிமடம் ரோட்டில் முந்திரிக் காட்டு நடுவில் நின்றுபோனால் என்ன செய்வாய்? காலில் அந்த இரும்புக் காலிப்பரைக் கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பாய்? இதை நினைத்தால் எனக்குக் கையில் ஸ்பேனர் நிற்கவில்லை. நேற்று ஒரு லாரிக்கு நட்டை மாற்றி முடுக்கி மரையைத் தேய்த்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படிச் செய்ததில்லை.

ஆண்டவர் கிடைக்காது என்றால் கிடைக்காதுதான். அவன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. வண்டியை விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. முன்னறை உனக்காகத்தான் இருக்கிறது. வங்கிக்கு நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிவருவேன். இத்தனை காலம் செய்யாததா?

முக்கியமான சேதி. சிந்து பெரிய மனுஷி ஆகிவிட்டாள். வைகாசியில் ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சடங்கு வைத்திருக்கிறோம். நீ ஒருத்திதான் அத்தை. நீ முதல் சொம்பு தண்ணீர் ஊற்றினால்தான் மற்றவர்கள் ஊற்ற முடியும். உன்னைக் கூட்டிவர வேன் அனுப்புகிறேன். அந்த வண்டியில் மட்டும் வராதே.

அண்ணன்,
ராசாங்கம்


அரியலூர்
6.5.2003

அண்ணனுக்கு,

சிந்துவுக்கு என் முத்தங்கள். அவளுக்கு என்ன நிறத்தில் பாவாடை தாவணி வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் நிறம் வேண்டாம்.

உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. இப்போது சந்தோஷமா?

நான் தினமும் போய் நின்றதால், ஆண்டவர் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பைப்பில் இரண்டு துண்டு வெட்டி மாட்டிக் கொடுத்தார். "தற்காலிகமாத்தான்க்கா" என்றார். கத்திரி வெயில் ஆரம்பித்த அன்றைக்கு மறுநாள் உடையார்பாளையம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். சூட்டில் அந்தப் பைப் வெந்த மரவள்ளிக்கிழங்காய்க் குழைந்து கழன்றுவிட்டது. ஆயில் முழுக்கக் கொட்டியும் எனக்குத் தெரியவில்லை. கீழே செம்மண். சிவப்பில் சிவப்பு கொட்டினால் எப்படித் தெரியும்? வண்டி உறுமியது, நின்றது, அவ்வளவுதான்.

முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். ஒரு அம்மா என் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "ஏங்க, கூட ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். தண்ணீர்கூடக் கொடுத்தார். ஆனாலும் அந்தக் கேள்வி கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் இருக்க டேஷ்போர்டைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

சாமிக்கண்ணு என்று ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டி அரியலூர் வரைக்கும் இழுத்துவந்து ஆண்டவர் பட்டறையில் விட்டார். வழியெல்லாம் வேடிக்கை. தேர் மாதிரி வந்தேன், மேளம் ஒன்றுதான் பாக்கி.

இந்த வாரம் பார்க்க வேண்டிய மூன்று ஊருக்கு இனிப் போக முடியாது. மேனேஜர் காலண்டரில் ஜூன் மாதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

வேன் அனுப்ப வேண்டாம். வந்தால் என் வண்டியில் வருவேன். இல்லையென்றால் வரமாட்டேன்.

கண்ணகி


பெரம்பலூர்
10.5.2003

கண்ணகி,

உன் கடிதம் கிடைத்த கையோடு, பட்டறையில் நின்றபடியே எழுதுகிறேன்.

உனக்கு அடிகிடி ஒன்றும் இல்லையே? அதை எழுதவில்லையே நீ. பாவாடை தாவணி எழுதத் தெரிகிறது, அதை எழுதத் தெரியவில்லை.

டிராக்டரில் கட்டி இழுக்கலாமா? அந்த மாதிரி வண்டியைப் பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கித்தான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் இல்லாமல் பெட்டிக்குள் எல்லாம் சுற்றித் தேய்ந்துபோகும். உனக்குத்தான் தெரியாது, அந்த முட்டாள் ஆண்டவருக்குமா தெரியாது? சூடான ஆயில் போகிற வழியில் தண்ணீர் பைப்பை மாட்டுகிறவனை என்ன சொல்வது? நான் ஹோஸ் கிடைக்காது என்று சொல்லிவை என்றுதான் சொன்னேன், கண்ட பைப்பை வெட்டி மாட்டு என்றா சொன்னேன்? அவன் என் கையில் கிடைக்கட்டும்.

வெயிலில் எவ்வளவு நேரம் இருந்தாய்? தலைவலி வந்ததா? உடனே எழுது.

ராசாங்கம்


அரியலூர்
15.5.2003

திரு. ராசாங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை ஏதோ எழுத்துப் பிழை என்று நினைத்தேன். "கிடைக்காது என்று சொல்லிவை என்றுதான் சொன்னேன்." உங்கள் கையெழுத்துத்தான்.

நேரே ஆண்டவரிடம் போய் அந்த வரியைக் காட்டினேன். அவர் முகம் தொங்கிப்போனது. "அண்ணந்தாங்க்கா, தங்கச்சி தனியா காட்டுப் பக்கம் போவுது, வண்டி ஓடலன்னா வூட்டுக்கு வந்துரும்னாரு. குரு சொன்னா எப்டிக்கா தட்டறது?" என்றார். தட்டவும் முடியவில்லை, என் நச்சரிப்பும் தாங்கவில்லை. அதனால் தண்ணீர் பைப்பை மாட்டியிருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போகும் ரோட்டுக்குப் போனேன். கல் தோண்டும் இயந்திரங்களுக்கு ஆயில் பைப் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பழைய ஹோஸைக் காட்டினேன். கடைக்காரர் விரலை விட்டு அளவு பார்த்து, மேலே தொங்கிய சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்துவிட்டார். நான் உட்காருவதற்குப் போட்ட ஸ்டூலில் உட்காரக்கூட நேரமில்லை. திருச்சியிலும் சென்னையிலும் இல்லாத ஹோஸ் ஆண்டவர் பட்டறைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் காட்டில் நான் நின்றதற்கு நீங்கள்தான் காரணம். எனக்கு எது ஆகிவிடும் என்று பயந்தீர்களோ அதை நீங்களே செய்து முடித்தீர்கள்.

ஒன்று சொல்கிறேன், வலித்தாலும் கேளுங்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது நீங்கள். மழையில் தோளில் தூக்கிக்கொண்டு போனதும் நீங்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அந்தத் தோளுக்கு வேலை வேண்டும் என்பதற்காக நான் காலம் முழுக்க நடக்காமலே இருக்க முடியாது.

சிந்துவிடம் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்வது உங்களுக்குப் புதிதில்லையே.

கண்ணகி


பெரம்பலூர்
19.5.2003

கண்ணகிக்கு,

திரு. என்று போட்டு எழுதியிருந்தாய். பார்த்துவிட்டு உன் அண்ணி அழுதாள். பிறகு விஷயத்தைக் கேட்டு, என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சிந்துவும் பேசவில்லை. நான் பட்டறையிலேயே சாப்பிடுகிறேன்.

நான் செய்தது தப்புதான். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. தோளைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு மேல் படிக்க முடியாமல் மடித்து வைத்துவிட்டேன். மீதியை அடுத்த நாள்தான் படித்தேன். நீ சொன்னது இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. நீ எங்கேயாவது நின்றுகொண்டிருப்பாய் என்ற நினைப்பு மட்டும் எந்நேரமும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருகிறேன். நீ பள்ளிக்கூடம் விட்டு நிற்கிற நேரம் வந்துவிட்டதோ என்று அந்தக் காலத்தில் இருந்த பதற்றம் இன்னும் போகவில்லை.

அது போகட்டும். ஹோஸ் வாங்கினாயே, யார் மாட்டப் போகிறார்கள்? ஆண்டவர்தான் என்றால் இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். டேய், பழைய ஹோஸைப் பிடித்து இழுக்காதே, பித்தளைக் குழாய் வளைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடு. குழாயில் கீறல் விழக்கூடாது. ஒன்றைக் கழற்றி மாட்டிவிட்டு அப்புறம்தான் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றி எது எங்கே என்று முழிக்காதே, உன் வழக்கம் அது. குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும். ஹோஸை அந்த மேட்டைத் தாண்டித் தள்ளு. கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேல் இல்லை. சைலன்சர் பக்கம் உரசாமல் பார். ஆயில் ஊற்றியபின் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி எடுத்து, மறுபடி அளவு பார்.

அடுத்த மாதம் அத்தை இல்லாமல் சிந்துவுக்கு யார் முதல் தண்ணீர் ஊற்றுவது? அவள் மயில் கழுத்து நிறம் கேட்கிறாள்.

அண்ணன்


அரியலூர்
28.5.2003

அண்ணனுக்கு,

லாரியைத் தவிர ஒன்றும் தெரியாது என்று எழுதியவர், இந்த மாதிரி வண்டியை எப்படி இழுக்க வேண்டும், கிளிப் எங்கே உட்கார வேண்டும் என்றெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்? அண்ணி எழுதிவிட்டார். நான் இந்த வண்டி வாங்கிய மறுவாரமே திருச்சிக்குப் போய், அதைப் பற்றித் தெரிந்த ஒரு மெக்கானிக் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தீர்களாமே. வேலையும் கற்றுக்கொண்டு, அதை எனக்குச் செய்தும் கொடுக்காமல், என்ன மனுஷன் நீங்கள்?

எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அது தெரிந்திருக்கட்டும்.

சனிக்கிழமை ஆண்டவர் பள்ளத்தில் இறங்கி வண்டிக்கடியில் நின்றார். நான் மேலே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "டேய்" என்பதையும் விடவில்லை. "உன் வழக்கம் அது" என்ற இடத்தில் அவர் கீழேயிருந்து, "சரிங்கண்ணே" என்றார். நீங்களே மேலே நிற்பதாக நினைப்பு. முதல் கிளிப்பை மேட்டின் மேல்தான் போட்டிருந்தார். படித்ததும் கழற்றி மாற்றினார். இரண்டாவது ஹோஸில் கடைசி முடுக்கு முடுக்கும்போது என் கையிலும் ஸ்குரு டிரைவரைக் கொடுக்கச் சொன்னேன். தரையில் படுத்துக் கையை நீட்டி நானே முடுக்கினேன். புடவையெல்லாம் கரி. அதைப் பற்றிக் கவலையில்லை.

பெட்டிக்குள் ஒன்றும் தேயவில்லை, தப்பித்தோம். திங்கட்கிழமையிலிருந்து ஓட்டுகிறேன். ஆண்டிமடம் போய்த் திரும்பிவிட்டேன். விட்டுப்போன ஊர்களையும் முடித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்களுக்காக இல்லை, சிந்துவுக்காக. வாசலில் வண்டி நிறுத்த இடம் விட்டுவையுங்கள்.

கண்ணகி


அரியலூர்
4.6.2003

அண்ணனுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆண்டிமடம் பொறுப்பை எனக்கே உறுதி செய்துவிட்டார்கள். இந்த இரண்டும் சொல்ல வேண்டியவை, சொல்லிவிட்டேன்.

மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அத்தை முறைக்குத் தட்டு வைத்தபோது சிந்துவுக்குத் தாவணி, அண்ணிக்குச் சேலை, உங்களுக்கு ஜரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டி. திருச்சி வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போய் எடுத்தது. தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். கட்டிக்கொண்டு வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றி முடிந்து, பந்தியும் முடிந்துவிட்டது. கடைசிவரை அந்தப் பழைய வேட்டியோடுதான் இருந்தீர்கள். "அண்ணங்காரரு தங்கச்சி எடுத்த வேட்டிய கட்ட மாட்டாரோ" என்று ஒரு அம்மா என் காதுபடவே கேட்டார். அண்ணியைக் கேட்டால், வேட்டி எங்கே என்று தெரியாது என்கிறார்.

கிளம்பும்போதாவது முன்னால் வந்து வழியனுப்பினீர்களா? வண்டிக்குப் பின்னால் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வழியில் அழுதேன். வண்டியை நிறுத்தாமலே அழுதேன்.

இனி நான் அங்கே வருவதற்கு என்ன இருக்கிறது?

கண்ணகி


பெரம்பலூர்
9.6.2003

கண்ணகி பாப்பாவுக்கு,

நீ வந்ததும் மோட்டார் சைக்கிள்கள் வழியை அடைத்திருந்ததால், பட்டறை வேப்பமரத்தடிக்கு நகர்த்தச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்தாய். அந்த வண்டியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்ததும் என் இடது கால் கிளட்சைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. நகர்த்தி முடிக்கும்வரை அந்தக் கால் சும்மா இருக்கத் தெரியாமல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. சும்மா கிடக்கிற கால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வண்டி சூடாக இருக்கும்போதுதான் கசிவு தெரியும். ஆனால் நம் பட்டறைத் தரை உனக்குத் தெரியும், இருபது வருஷ ஆயில் ஊறி ஒரே கறுப்பு. அதில் சிவப்பு சொட்டினால் எனக்குத் தெரியாது. நீ செம்மண்ணில் ஏமாந்த மாதிரி நானும் ஏமாந்துவிடுவேன். விரித்துப் பார்க்க வெள்ளைத் துணி வேண்டும். பட்டறையில் ஒரு கந்தைகூட வெள்ளையில்லை. கையில் இருந்தது நீ கொடுத்த வேட்டிதான். மடிப்பைப் பிரித்து ரேடியேட்டரிலிருந்து கியர் பெட்டி வரைக்கும் வண்டிக்கடியில் விரித்துவிட்டேன். கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அண்ணியிடம் சொன்னால் திட்டுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றும்போது நடுவில் ஒரு தடவை போய்க் குனிந்து பார்த்தேன். பந்திக்கு இலை போடும்போது மறுபடி பார்த்தேன். நீ கிளம்பி என்ஜின் ஓடும்போது ஆயில் வேகமாகப் போகும், அப்போதும் பார்க்க வேண்டும் என்றுதான் பின்னால் வந்து நின்றேன். நீ அழுதுகொண்டு போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்னால் வந்திருப்பேன்.

நீ போனதும் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. நீ முடுக்கிய கிளிப் எது, ஆண்டவர் முடுக்கியது எது என்று தெரியவில்லை, இரண்டும் நன்றாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் உன் டயர் ஏறிய புழுதித் தடம் ஒன்று மட்டும் நீளமாக இருக்கிறது.

துவைக்கக் கொடு என்று உன் அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கொடுக்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன்,
ராசாங்கம்